இன்டெலா, ஏஎம்டியா? கடைத்தெருவில் கிடைத்த மூன்று தீர்ப்புகள்

மாமா பையன் கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எல்லாம் எடுப்பான். வெள்ளிமலை பக்கம் கல்வராயன் மலை ஊர்களில் விசேஷம் என்றாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பழைய சிஸ்டம் இனி தாங்காது, புதுசு வாங்க வேண்டும் என்று போன் செய்தான். பட்ஜெட் ஒன்றேகால் லட்சம். அதில் பாதி நகைக்கடன்.

"மச்சான், இன்டெல் வாங்கவா, ஏஎம்டி வாங்கவா? ஒரே வார்த்தைல சொல்லு."

இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறேன். ஆனாலும் ஒரே வார்த்தையில் பதில் வரவில்லை. எனக்கு முன்னால் மூன்று பேர் அவனுக்குத் தீர்ப்பு சொல்லியிருந்தார்கள்.

துருகம் சாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணன் சொன்னது: "ஏஎம்டி சூடாகும் தம்பி, நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது."

யூடியூப் சொன்னது: "இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை எல்லாம் தானா செத்துப்போகுது, தொடாதீங்க."

ஷேர் மார்க்கெட் பார்க்கும் அவன் நண்பன் சொன்னது: "இன்டெல் கம்பெனியே மூழ்குது. நாளைக்கு யாரு சர்வீஸ் பண்ணுவா?"

மூன்றுமே பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வருஷத்தில், ஏதோ ஓர் இடத்தில் உண்மையாக இருந்தது. அதை எல்லாக் காலத்துக்கும் இழுத்துப் பேசுவதுதான் சிக்கல். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தீர்ப்பு 1: "ஏஎம்டி சூடாகும்"

இந்தப் பேச்சு பரவியதில் ஒரு வீடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளம் வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஹீட்சிங்கைக் கழற்றிவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். இன்டெலின் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தது. ஏஎம்டியின் அத்லான் புகைவிட்டுக் கருகியது. சூடு ஏறினால் தானாகவே வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு பென்டியம் 4-க்குள்ளேயே இருந்தது; அந்த அத்லானுக்கு இல்லை. அந்த வருஷத்து நிலவரப்படி கடைக்கார அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் மூன்றே வருஷத்தில் நிலைமை தலைகீழானது. 2004-இல் வந்த பிரெஸ்காட் என்ற பென்டியம் 4 வகை 115 வாட் வரை போனது. அப்போது குளுமையாக ஓடியது ஏஎம்டியின் அத்லான் 64. இன்றைக்கு இரண்டு கம்பெனி புராசஸரும் சூடு ஏறினால் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் நின்றுவிடும். பழைய வீடியோ முடிந்துபோன கதை. பேச்சு மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையில் பெரிய மாடல்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும். "அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம்" என்று ஏஎம்டியே சொன்னது. ஸ்கிரீனில் 95 என்று பார்த்ததும் பயந்துவிடுகிறோம். ஆனால் டிகிரி வேறு, வாட் வேறு. தீக்குச்சியின் நுனி கொதிக்கும் அண்டாவைவிடச் சூடு. அதற்காகத் தீக்குச்சியால் அறையைச் சூடாக்க முடியுமா? சின்ன அறையில் ஏசி இல்லாமல் உட்கார்ந்து எடிட் பண்ணுகிறவனுக்குப் புழுக்கம் தருவது வாட் கணக்கு. அதைப் பார்த்தால், உச்ச வேகத்தில் இன்டெல் ஐ9-14900கே 253 வாட், ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட். இரண்டுமே கள்ளக்குறிச்சி மே மாசத்துக்கு நல்லதல்ல. அந்த உயரத்துக்கே போகாத நடுத்தர மாடல் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அதில் பிராண்டுக்கு வேலையே இல்லை.

தீர்ப்பு 2: "இன்டெல் தானா செத்துப்போகுது"

இது புதிய செய்தி, கனமான செய்தி. 2024 தொடக்கத்தில் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர் வைத்திருந்தவர்களுக்கு கேம் திறந்தால் "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழை வந்தது. பலர் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டார்கள். கோளாறு இருந்தது புராசஸரில். தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் உள்ளே ஒரு சர்க்யூட் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அதனால் அந்தச் சிப் நிலையாக ஓடக் கேட்கும் குறைந்தபட்ச வோல்டேஜே ஏறிக்கொண்டு போனது. அந்த ஜூலையில் இன்டெல் வோல்டேஜ் பிரச்னையை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்திய மைக்ரோகோட் வந்தது. அதை பயாஸ் அப்டேட் வழியாகப் போட வேண்டும். முக்கியமான விஷயம்: இது இனி வரும் தேய்மானத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த சிப்பைச் சரிசெய்யாது. அதனால் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை மூன்றிலிருந்து ஐந்து வருஷமாக நீட்டினார்கள்.

இதோடு நிறுத்தினால் யூடியூப் தீர்ப்பு சரி. ஆனால் அதே ஆகஸ்டில் வந்த இன்னொரு தகவலைப் பலரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் வீடியோ எடிட்டிங், டிசைன் வேலைகளுக்கு கம்ப்யூட்டர் கட்டித்தரும் பியூஜெட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் தன்னிடம் பழுதான புராசஸர்களின் விகிதத்தை வெளியிட்டது. அவர்கள் கணக்கில் ரைசன் 5000, 7000 வரிசைகளின் பழுது விகிதம் இன்டெல் 13, 14-ஐ விட அதிகம். எல்லாவற்றையும்விட மோசம் இன்டெலின் 11-ஆம் தலைமுறை. ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு நடுவே இருந்த வித்தியாசம், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருந்ததைவிடப் பெரியது.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பியூஜெட் மதர்போர்டு கம்பெனி வைத்த அமைப்பை அப்படியே விடுவதில்லை. வோல்டேஜையும் பவர் அளவையும் கட்டுக்குள் வைத்தே கட்டுகிறார்கள். அதுவே எனக்குப் பாடமாகப் பட்டது. அதே சிப் ஒருவரிடம் சாகிறது, இன்னொருவரிடம் பிழைக்கிறது என்றால், "இந்தச் சிப் நம்பகமானதா" என்ற கேள்வியில் பாதி "எந்த போர்டில், எந்த அமைப்பில்" என்பதாகிவிடுகிறது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி வகைச் சிப்கள் சில போர்டுகளில் கருகியபோதும் இதே கதைதான். வோல்டேஜ் எல்லை மீறியது, ஏஎம்டி 1.3 வோல்ட் என்று கடிவாளம் போட்டது.

பின்னோக்கிப் போனால் இரண்டு வீட்டிலும் ஓட்டை உண்டு. 1994-இல் பென்டியத்தில் வகுத்தல் பிழை. ஓர் அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டதால் சில எண்களை வகுத்தால் தப்பான விடை வந்தது. கண்டுபிடித்தவர் பகா எண்களில் ஆராய்ச்சி செய்த கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி. சாதாரண ஆளுக்கு 27,000 வருஷத்துக்கு ஒரு முறைதான் பிழை வரும் என்றது இன்டெல். 24 நாளுக்கு ஒரு முறை வரலாம் என்றது ஐபிஎம். இருவரும் பார்த்தது ஒரே பிழை. யாருக்கு எவ்வளவு வகுத்தல் வேலை என்று அவரவர் வைத்த கணக்கில்தான் வித்தியாசம். கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர ஒப்புக்கொண்டு 47.5 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதினார்கள்.

2007-இல் ஏஎம்டியின் முறை. ஃபினாம் சிப்பில் பிழை; பயாஸில் ஒட்டுப்போட்டால் வேகம் குறைந்தது. 2011 ஜனவரியில் இன்டெல் சிப்செட் ஒன்றில் ஹார்ட் டிஸ்க் இணைப்பு நாளடைவில் பழுதாகும் என்று தெரிந்து 70 கோடி டாலர் செலவில் மாற்றினார்கள். 2018-இல் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் பாதுகாப்பு ஓட்டைகள்: மெல்ட்டவுன் பெரும்பாலும் இன்டெலைத் தாக்கியது, ஸ்பெக்டர் இருவரையும். 2023-இல் ஸென்பிளீட்: ஏஎம்டி மட்டும்.

சுவையான ஒரு விஷயம்: பென்டியத்தின் தந்தை என்று அழைக்கப்படும் வினோத் தாம் 1995-இல் இன்டெலை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சிறு நிறுவனத்துக்குப் போனார். அதை ஏஎம்டி வாங்கியது. அங்கிருந்து வந்ததுதான் 1997-இல் பென்டியத்துக்குப் போட்டியாக நின்ற ஏஎம்டி கே6. இரண்டு முகாமும் ஒரே மனிதர்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பிராண்டுக்குத் தனி ரத்த குணம் எதுவும் கிடையாது.

இன்னும் ஆழமான ஒன்று. 2021-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய சர்வர்களில் சில ஆயிரம் மெஷின்களுக்குச் சில கோர்கள் என்ற அளவில், எப்போதாவது சத்தமில்லாமல் தப்பான விடை தருகின்றன. கம்ப்யூட்டர் நிற்காது, பிழைச் செய்தி வராது. விடை மட்டும் தப்பு. அதில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. டிரான்சிஸ்டர்கள் இவ்வளவு சிறியதாகிவிட்ட காலத்தில் இது பொதுவான பிரச்னை என்பதே அவர்கள் வாதம்.

இதையெல்லாம் கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். "தம்பி, இத்தனை வருஷத்துல புராசஸர் போயி வந்த சிஸ்டம் விரல் விட்டு எண்ணிடலாம். வர்றதெல்லாம் எஸ்எம்பிஎஸ், போர்டு, ரேம். கரண்ட் கட்டாகி திரும்ப வரும்போது அடிக்கிற அடியில போறதுதான் ஜாஸ்தி. எர்த் சரியா இல்லாத கடைங்கதான் திரும்பத் திரும்ப வரும்." சூடாகும் என்று முதலில் சொன்னவரும் இவர்தான்! வாய் சொல்வது ஊர்ப்பேச்சு. கை பார்த்தது வேறு. நான் கை பார்த்ததை நம்புகிறேன்.

தீர்ப்பு 3: "இன்டெல் மூழ்குது"

எண்களைப் பார்த்தால் பயம் நியாயம்தான். 2024-இல் இன்டெலின் நஷ்டம் சுமார் 1,880 கோடி டாலர். அந்த டிசம்பரில் தலைவர் பாட் கெல்சிங்கர் வெளியேறினார். 2025 மார்ச்சில் லிப்-பு டான் வந்தார். ஆகஸ்டில் அமெரிக்க அரசே சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்தது. செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது.

ஆனால் பத்து வருஷத்துக்கு முன் இதே பேச்சு ஏஎம்டியைப் பற்றி ஓடியது. 2015-இல் அதன் பங்கு இரண்டு டாலருக்கும் கீழே கிடந்தது. 2017-இல் ரைசன் வந்தது, பிழைத்தார்கள். 2022-இல் சந்தை மதிப்பில் இன்டெலையே தாண்டினார்கள். 2015-இல் ஏஎம்டி வாங்கியவருக்குக் கம்பெனி மூடி, சர்வீஸ் இல்லாமல் போகவில்லை. 2015-இல் உச்சத்தில் இருந்த இன்டெல்தான் அதற்குப் பிறகு 10 நானோமீட்டர் தயாரிப்பில் வருஷக்கணக்கில் சறுக்கியது.

சந்தைப் பங்கு தரத்துக்குச் சான்றும் இல்லை. போட்டியாளரை ஒதுக்கிவைக்கக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குச் சலுகை கொடுத்தார்கள் என்று 2009-இல் ஐரோப்பிய ஆணையம் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. (பிறகு நீதிமன்றத்தில் அது ரத்தாகி, 2023-இல் சிறிய தொகையாகத் திரும்ப வந்தது.) அதே 2009-இல் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது. "எல்லாரும் இன்டெல்தான் வாங்குறாங்க, அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இன்னொன்று: இருவரையும் தனித்தனி ஆலைகள் என்று நினைப்பதே பழைய படம். ஏஎம்டி 2009-இல் தன் ஆலைகளைப் பிரித்துவிட்டது. இன்று அதன் முக்கியமான சிப்களைச் செய்வது தைவானின் டிஎஸ்எம்சி. 2024 அக்டோபரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200 டெஸ்க்டாப் வரிசையின் கணக்கிடும் பகுதியையும் செய்தது அதே டிஎஸ்எம்சி! பெட்டியில் இன்டெல், உள்ளே தைவான். நம் சென்னை ஐஐடியின் சக்தி புராசஸரை எடுத்துக்கொண்டால், 2018-இல் அதன் ஒரு சிப்பை அச்சிட்டது அமெரிக்காவில் உள்ள இன்டெல் ஆலை. அடுத்ததைச் செய்தது சண்டிகரில் உள்ள அரசு ஆலை. வடிவமைப்பவர் ஒருவர், செய்பவர் ஒருவர் என்றான பிறகு, "கம்பெனி மூழ்கும்" என்பது வாங்குபவருக்கு நேரடி ஆபத்து இல்லை.

வாங்குபவருக்கு உறைக்கும் சந்தை விஷயம் ஒன்று உண்டு. போர்டு போனால் நாலு வருஷம் கழித்து அதே சாக்கெட்டில் போர்டு கிடைக்குமா? இதில் ஏஎம்டி தெளிவாக முன்னே நிற்கிறது. ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் ரைசன் வந்தது. 2024-இலும் அதற்குப் புதுச் சிப் விட்டார்கள். அந்தக் காலத்துக்குள் இன்டெல் 1151, 1200, 1700, 1851 என்று நாலு சாக்கெட்டைக் கடந்துவிட்டது. ஏஎம்5-ஐ 2027-க்கு மேலும் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பங்கு விலையைவிட இது ஆயிரம் மடங்கு பயனுள்ள தகவல். ஷேர் பார்க்கும் நண்பன் இதைச் சொல்லவே இல்லை.

யாரும் சொல்லாதது: வாரன்டி

மூன்று பேரும் விட்டுவிட்டது இதுதான். என் பார்வையில் நம்பகத்தன்மையில் பாதி இதில் இருக்கிறது. எந்தச் சிப்பும் போகலாம். போனால் யார் பொறுப்பு?

2016 ஏப்ரலில் இன்டெல் இந்தியாவுக்கென்று தனி வாரன்டி விதி கொண்டுவந்தது. 2024 வரை அந்த விதி இருந்தது. பெட்டியில் வரும் புராசஸரை இந்தியாவில் அங்கீகரித்த விநியோகஸ்தர் வழியாக வாங்கியிருந்தால்தான் இங்கே வாரன்டி என்றது அது. வெளிநாட்டில் வாங்கியது அசல் பொருளே ஆனாலும், வாங்கிய நாட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. டெல்லி வணிக நிறுவனம் ஒன்று இதை எதிர்த்து இந்தியப் போட்டி ஆணையத்திடம் போனது. 2019 ஆகஸ்டில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. சந்தையில் பெரியவர் என்ற பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக முதல் பார்வையில் தெரிகிறது என்பதே காரணம்.

சிலிக்கானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நகைக்கடன் வாங்கிச் சிஸ்டம் எடுப்பவனுக்கு, பழுது விகிதத்தைவிட இப்படிப்பட்ட விதிகள் முக்கியம். நம் ஊர்க் கடைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு: "ட்ரே பீஸ்". பெட்டி இல்லாமல், கம்ப்யூட்டர் தயாரிப்பவர்களுக்கென்று மொத்தமாக வரும் புராசஸர். ஆயிரம், இரண்டாயிரம் குறையும். ஆனால் அதற்குப் பொறுப்பு விற்றவருடையது. கடை மூடினால் வாரன்டியும் மூடியது. 13, 14-ஆம் தலைமுறைப் பிரச்னையிலும் பெட்டி வாங்கியவர் நேராக இன்டெலிடம் போக முடிந்தது; ட்ரே வாங்கியவர்களை வாங்கிய இடத்துக்குத்தான் போகச் சொன்னார்கள். சென்னையில் இருப்பவர் கடைக்கு நடந்தே போய்ச் சண்டை போடலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து பார்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவன், வைகாசி முகூர்த்தம் முழுக்கச் சிஸ்டம் இல்லாமல் உட்கார வேண்டும்.

கடைசியில் என்ன சொன்னேன்

பிராண்டை வைத்து நம்பகத்தன்மையைப் பேசும் ஒப்பீடுகள் எல்லாம் தப்பான அலகில் அளக்கின்றன என்பதே என் முடிவு. அளக்க வேண்டியது நான்கு: தலைமுறை, போர்டின் அமைப்பு, கரண்ட், வாரன்டி. கம்பெனியின் எதிர்காலத்தைப் பங்கு வாங்குபவர் பார்க்கட்டும். பொருள் வாங்குபவர் சாக்கெட்டின் எதிர்காலத்தைப் பார்த்தால் போதும்.

இப்படிப் பார்த்தால் ஏஎம்5 சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் கேமரா 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி வடிவத்தில் பதிவு செய்கிறது. இதை ஹார்ட்வேரிலேயே விரிக்கும் வசதி இன்டெலின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் சில வருஷமாக இருக்கிறது. ஏஎம்டியின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் இல்லை. நாள் முழுக்க டைம்லைனை இழுத்துக்கொண்டிருப்பவனுக்கு அது பெரிய வித்தியாசம். அதனால் கோர் அல்ட்ரா 200 வரிசையில் நடுத்தர மாடல் சொன்னேன். 2024 பிரச்னை இந்த வரிசைக்கு இல்லை. சாக்கெட் நீண்ட நாள் ஓடாது என்பது இதன் குறை, தெரிந்தேதான் சொன்னேன். பில்லிங், ஜெராக்ஸ் கடைக்கு யாராவது கேட்டிருந்தால் ரைசன் என்றிருப்பேன்.

கூடவே சொன்னது: ட்ரே வேண்டாம், பெட்டிதான். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கு. முதல் நாளே பயாஸ் அப்டேட். விலையேறின மாடலுக்குப் போகாமல் மிச்சப்படும் பணத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார். எல்லாத்துக்கும் மேல, கல்யாண ஃபுட்டேஜை இன்னொரு டிஸ்க்கில் காப்பி வை. புராசஸரை வாரன்டியில் மாற்றித் தருவார்கள். தாலி கட்டியதை மறுபடி எடுக்க முடியாது.

"ஒரே வார்த்தைல கேட்டா ஒரு மணி நேரம் பேசுற மச்சான்" என்றான். எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் அன்றைக்கே போன் போட்டுவிட்டானாம்.